நான்கு மாத மழையும் 450 சதுர அடி வீடும்

கேள்வி: செம்பூரில் ஒரு சொசைட்டியின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) இரண்டாவது மாடியில், 450 சதுர அடி வீட்டில், மாமியாருடன் சேர்த்து ஐந்து பேர் குடியிருக்கிறோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு இரண்டரை. மழை தொடங்கியதிலிருந்து இருவரும் சோபாவிலிருந்து குதிப்பதும் கட்டிலில் ஏறிக் கத்துவதுமாக இருக்கிறார்கள். கீழ் வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) இரண்டு முறை வந்து முறையிட்டுவிட்டார். ஜூன் மூன்றாம் வாரம் ஒரு மாலில் இருக்கும் விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனோம். ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய் வாங்கினார்கள். நான்கு நாள் கழித்து மகளுக்கும், அவளைத் தொடர்ந்து மகனுக்கும் காய்ச்சலோடு வாயிலும் கையிலும் கொப்புளங்கள் வந்தன. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது, வேண்டுமானால் மழையில் நனைய விடு என்கிறார் மாமியார். டேப்லெட்டைக் கொடுத்து உட்கார வை என்கிறார் கணவர். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போக வேண்டும் என்று மகன் அழுகிறான். இத்தகைய கூடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா? பாதுகாப்பானவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது மகளின் விரல் நகங்கள் உரிந்து வருகின்றன. இது வேறு ஏதாவது நோயா?
வாசகி, செம்பூர், மும்பை

குழந்தைநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

ஜூலை பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் புகார் உங்களுடையதுதான். சோபாவிலிருந்து குதிக்கும் பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று பெற்றோர் சொல்வார்கள். ஆனால் அந்த வயதில் உடம்பு ஓடவும் தாவவும் இழுக்கவும் தள்ளவும் கேட்கிறது, கேட்டது கிடைக்காதபோது கையில் அகப்பட்ட சோபாவை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி உங்கள் மகளின் வயதில் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஏதாவது ஓர் உடலசைவு இருக்க வேண்டும். 5 வயதைத் தொட்ட உங்கள் மகனுக்கு மூச்சு வாங்கும்படியான விளையாட்டு சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் வேண்டும். நல்ல நாளில் மைதானத்தில் கிடைத்துவிடும் இந்தக் கணக்கு, மழை பிடித்துக்கொண்டதும் அப்படியே பாக்கி நிற்கிறது.

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வந்து, அக்டோபர் முதல் வாரம் தாண்டித்தான் விடைபெறுகிறது. ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அது சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கும் அதிகம். ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது ஏதோ இரண்டு மூன்று மழை நாட்களைப் பற்றியல்ல, ஏறக்குறைய 17 வாரங்களைப் பற்றி. வாரம் ஒரு முறை இரு குழந்தைகளையும் அந்தக் கூடத்துக்கு அழைத்துப் போனால் ஒரு தடவைக்கு 1,400 ரூபாய், பருவம் முடிய 23,800 ரூபாய். அவ்வளவு செலவழித்தும் உங்கள் மகனுக்குக் கிடைப்பது 17 மணி நேர விளையாட்டு. அவனுக்குத் தேவையோ சுமார் 120 மணி நேரம். எனவே விளையாட்டுக் கூடத்தை எப்போதாவது வாங்கித் தரும் ஐஸ்கிரீம்போல வைத்துக்கொள்ளுங்கள். தினப்படிச் சாப்பாட்டை வீட்டிலும் கட்டடத்திலும்தான் சமைத்தாக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

முதலில் அந்தக் கொப்புளங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கை, கால், வாய் நோய். காக்சாக்கி போன்ற என்டிரோவைரஸ்களால் வருவது. மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2022-ல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் இந்த நோயின் ஒரு தோற்றமே. கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஆறு நாளில் வெளிப்படும் என்பதால் உங்கள் சந்தேகம் காலக்கணக்குக்குப் பொருந்தித்தான் வருகிறது. ஆனாலும் பள்ளி திறந்த வாரமும் அதுவே என்பதை மறந்துவிடக்கூடாது. எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. எச்சில், சளி, கொப்புள நீர், மலம் எல்லாவற்றின் வழியாகவும் இது பரவும். உடம்பு தேறிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். இதில் பெற்றோர் பலர் அறியாத ஒன்று உண்டு. கூடத்தின் வாசலில் பிள்ளைகளின் உள்ளங்கையில் பிழியப்படும் ஆல்கஹால் சானிடைசர் இந்த வகைக் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேலைக்கு ஆகும். ஆகவே ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் நான் தேடுவது கை கழுவும் தொட்டியை. அது குழந்தைக்கு எட்டும் உயரத்தில், சோப்போடு, கூடத்துக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது மாலின் மறுகோடியில் இருக்கும் கழிவறைக்குத்தான் ஓட வேண்டுமா என்று பாருங்கள். பந்துகளையும் மெத்தைகளையும் எப்போது, எதைக்கொண்டு துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். “தினமும் சுத்தம் செய்கிறோம் மேடம்” என்ற பதிலோடு திருப்தியடையாமல், எந்த நேரத்தில், எந்தக் கரைசலால் என்று அடுத்த கேள்வியையும் கேட்டால், ஒழுங்காகச் செய்கிறவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

தொற்று ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அதைவிட எனக்குக் கவலை தருவது தீ. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டனர். அந்த இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழ் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. மெத்தை, பஞ்சு, பிளாஸ்டிக் வலை, செயற்கைப் புல் என்று இத்தகைய கூடங்களில் இருப்பவை எல்லாமே எளிதில் பற்றுபவை. நுரைமெத்தை எரியும்போது எழும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். நெருப்பு அண்டுமுன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தில் உள்ள தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ‘ஃபார்ம் பி’ சான்றிதழை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் பெற்றாக வேண்டும். இது ஜூலை முடியும் நேரம் என்பதால், இந்த மாதத்துச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று மேலாளரிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு சுற்று நடந்து பாருங்கள்: வெளியேறும் வழி இரண்டாவது ஒன்று இருக்கிறதா, அதன் கதவு தாழ்ப்பாள் போடாமல் தள்ளினால் திறக்கிறதா, அதன் எதிரில் செருப்பு அலமாரியும் குழந்தை வண்டிகளும் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பலூன் மூட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றனவா? அடைத்திருந்தால் டிக்கெட் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பிள்ளை அழுதாலும் திரும்பிவிடுங்கள்.

அடுத்து எலும்பு. கூடங்களில் நடக்கும் முறிவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டுமே பெற்றோர் நல்லெண்ணத்தில் செய்வதால் நேர்பவை. சில ஆண்டுகளுக்கு முன், ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். தனியாகச் சறுக்கினால் விழுந்துவிடுவாள் என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் இறங்கியிருக்கிறார். குழந்தையின் ரப்பர் செருப்பு பக்கச் சுவரில் பிடித்து நின்றுவிட, அவருடைய எடையோ கீழே போய்க்கொண்டே இருந்தது. இடையில் அகப்பட்ட அந்தப் பிஞ்சுக் கால் முறுக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. தனியாகச் சறுக்கியிருந்தால் கால் மாட்டிய இடத்திலேயே அவள் நின்றிருப்பாள். தனியாக இறங்க முடியாத சறுக்குமரம் அந்தக் குழந்தைக்கு உரியதல்ல என்று விட்டுவிடுங்கள்.

மற்றொன்று டிராம்போலின். ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதே அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. என் நிலைப்பாடும் அதுவே. ஒரே விரிப்பில் பலர் சேர்ந்து குதிக்கும்போதுதான் காயங்களில் பெரும்பாலானவை நேர்கின்றன, அதிலும் அடிபடுவது கூட்டத்திலேயே சிறிய பிள்ளை. பத்து வயதுப் பையன் குதித்து மேலே எழும் கணத்தில் விரிப்பு வேகமாக மேலே துள்ளும். அதே கணத்தில் கீழே வந்து இறங்கும் உங்கள் மகனின் கால்களுக்கு அது கல்தரைபோல. இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே வலைக்குள் இருப்பார்கள், மேற்பார்வைக்கு நிற்கும் இளைஞரோ ஒருவர் அல்லது இருவர்தான். பள்ளி நாளின் முற்பகலிலோ மூன்று மணி வாக்கிலோ போங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்புப் போட்டுத் தனி இடம் ஒதுக்கியிருக்கும் கூடமாகப் பார்த்துப் போங்கள். அப்படி ஒதுக்காத இடத்தில் உங்கள் மகளுக்கு வேலை இல்லை. பந்துக் குளத்தில் யாராவது ஒரு குழந்தை பந்துகளுக்கு அடியில் படுத்துக்கிடக்கும். மேலிருந்து குதிப்பவனுக்கு அது தெரியாது. ஆகையால் குதிக்கக் கூடாது, நடந்துதான் இறங்க வேண்டும் என்று மகனுக்கு வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

கிளம்புமுன் கொலுசு, கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, மேல்சட்டையின் தொங்கும் நாடா எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்; வலையிலும் கம்பியிலும் மாட்டிக்கொள்பவை இவைதான். மாமியாருக்குத் தாயத்தைக் கழற்ற மனம் வராவிட்டால் அதை அரைஞாணில் கோத்து, கால்சட்டைக்குள் அடங்கும்படி கட்டிவிடச் சொல்லுங்கள்.

விளையாட்டுக் கூடம் தவிர இந்த ஊரில் கூரைக்கு அடியில் குழந்தைகளை நடமாட விடும் இடங்கள் சில உண்டு, அவற்றை நாம்தான் மறந்துவிடுகிறோம். வொர்லியில் 1985-ல் திறக்கப்பட்ட நேரு அறிவியல் மையத்தில் பல காட்சிப்பொருட்களைத் தொட்டுத் திருகி இழுத்துப் பார்க்கலாம். உங்கள் மகனுக்கு அரைநாள் போதாது. பக்கத்திலேயே இருக்கும் கோளரங்கம் இரண்டரை வயதுக்கு ஏற்றதல்ல, விளக்கணைந்ததும் வீரிட்டு அழுவார்கள். சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தில் 2019 முதல் குழந்தைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது; ஹார்பர் ரயிலில் ஏறினால் சி.எஸ்.எம்.டி. முனையம் வரை மாறாமல் போய், அங்கிருந்து டாக்சி பிடித்துவிடலாம். பைகுல்லா உயிரியல் பூங்காவின் பெங்குவின்களைக் குளிரூட்டிய கட்டடத்துக்குள் நின்றே பார்க்கலாம், புதன்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை. இங்கெல்லாம் பிள்ளைகள் ஓட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அலுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் நடப்பார்கள், மகளின் 180 நிமிடக் கணக்கில் அது சேரும்.

எங்கே போவதானாலும் வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறத்தோடு கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டால், வடிகால் நீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தெருவிலேயே தங்கிவிடும். குர்லா, சுனாபட்டி பக்கம் தண்டவாளம் மூழ்கினால் இரு குழந்தைகளோடு நீங்கள் நடு வழியில் நிற்க நேரும். தேங்கிய தண்ணீரில் குழந்தையை நடக்க விடாதீர்கள், அதில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். தப்பித் தவறி நடந்து, காலில் சிராய்ப்பும் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை சின்னக் குழந்தைகளுக்கு உரியதல்ல, மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. மழைநீர் பட்டுச் சளி பிடிப்பதில்லை, சளியைத் தருவது கிருமி. இடி மின்னல் இல்லாத நேரத்தில், பாசி படியாத திறந்த தளத்தில், ஒரு பெரியவர் கூடவே நிற்க, இருபது நிமிடம் நனைந்துவிட்டு வந்து தலை துவட்டி உலர்ந்த உடை மாற்றிக்கொண்டால் ஒன்றும் ஆகாது; அந்த இருபது நிமிடம் அவர்களுக்கு 1,400 ரூபாய்க் கூடத்தைவிட இனிக்கும். மொட்டைமாடி என்றால் கைப்பிடிச் சுவர் மகனின் தலைக்கு மேல் இருக்க வேண்டும், அதை ஒட்டி ஏறி நிற்க வாகாகத் தொட்டியோ குழாயோ இருக்கக் கூடாது. காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்த குழந்தையானால் ஒரு வாரம் பொறுக்கட்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். கீழ் வீட்டு ஆஜியைத் தொந்தரவு செய்வது குதிப்பு. உடம்புக்கு வேண்டிய உழைப்பைக் குதிக்காமலும் கொடுக்க முடியும். பழைய போர்வையில் தங்கையை உட்காரவைத்து அண்ணன் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்கட்டும். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சமையலறையிலிருந்து படுக்கையறைக்குக் ‘கடை’ நடத்தட்டும். யானை நடை, நண்டு நடை, சுவரைத் தள்ளுதல், மேசைக்கு அடியில் தவழ்தல் எல்லாமே சத்தமில்லாத கடின வேலை. பதினைந்து நிமிடம் இப்படிப் பாடுபட்ட பிள்ளை தானாக உட்கார்ந்து தாயம் உருட்டும், பல்லாங்குழிக்குச் சோழி எண்ணும். உட்கார வைத்த பிறகு அடங்கு என்றால் அடங்காது, இந்த வரிசையை மாற்றாதீர்கள். சோழியும் புளியங்கொட்டையும் மகளின் கைக்கு எட்டினால் வாய்க்குள் போய்விடும் என்பதால் அந்த ஆட்டத்தை அவள் தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். குதித்தே தீர வேண்டும் என்றால் மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை, தரையில் விரித்த மெத்தையில். அந்த அரைமணி நேரத்தை ஆஜியிடம் நேரில் போய்ச் சொல்லி, அவருடைய மதியத் தூக்கத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு முறை படியேறி வந்து முறையிட்டவர், முறையிட வேண்டிய அவசியம் இல்லாதபோதும் வந்து போகக்கூடியவர்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டிலோ சோபாவோ வாஷிங் மெஷினோ ஜன்னலை ஒட்டி இருந்தால் இன்றே நகர்த்துங்கள். கிரில் துருப்பிடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். புடவையில் கட்டிய தூளியை ஊஞ்சலாக்கி ஐந்து வயதுப் பையனைத் தனியே ஆட விடவே கூடாது. முறுக்கிச் சுற்றும் விளையாட்டில் துணி கழுத்தை இறுக்கி உயிர்போன கொடுமை நம் ஊர்ப் பக்கம் நடந்திருக்கிறது.

கட்டடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் (தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையே கார் நிறுத்தும் இடம்) இருந்தால், வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் கிளம்பிய பிறகு காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை அது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி மறித்து, சாக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு, இன்னொரு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குலைகுலையா முந்திரிக்கா சுற்றலாம். கார் பின்னால் எடுப்பவருக்குக் குட்டிக் குழந்தை தெரியாது, அதனால் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பவர் கணக்கில் இல்லை. சொசைட்டிச் செயலாளரிடம் இப்போதே பேசுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் கூடும் வரை காத்திருந்தால் மழையே போய்விடும். இன்னொரு யோசனையும் உண்டு. இது ஆடி மாதம், நம்மவர் வீடுகளில் கல்யாணம் இல்லை. மராத்தியர்களுக்கும் சாதுர்மாசம், அதாவது கல்யாணத்தைத் தவிர்க்கும் நான்கு மாத விரதக் காலம் என்பதால் அவர்கள் பக்கமும் குறைவு. வார நாளில் சும்மா பூட்டிக்கிடக்கும் சின்ன ஹால்கள் உங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து வாரத்தில் இரண்டு மாலை, இரண்டு மணி நேரம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். நான்கு பந்தும் ஒரு சுருள் கயிறும் போதும், ஓட இடம் இருக்கிறதல்லவா?

உங்கள் கணவரிடம் நான் சண்டைக்கு வரவில்லை. மூன்று நாள் விடாமல் அடித்த மழையில், அலுவலக மீட்டிங் நேரத்தில், டேப்லெட் ஒரு வீட்டைக் காப்பாற்றும் என்பது எனக்கும் தெரியும். மகளின் வயதுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அதுவும் ஓடியாடிய பிறகு கொடுப்பதாக இருக்கட்டும், ஓட்டத்துக்கு மாற்றாக வேண்டாம்.

கடைசியாக அந்த நகங்கள். வேறு நோய் அல்ல. கை, கால், வாய் நோய் வந்துபோன சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு நகம் அடிப்பக்கத்திலிருந்து பெயர்ந்து, வலியில்லாமல் கழன்று விழும். அடியில் புது நகம் முளைத்துக்கொண்டிருக்கும். மருந்தோ சத்து மாத்திரையோ வேண்டாம். தொங்கும் ஓரத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் கட்டினாலோ மட்டும் அழைத்து வாருங்கள். நகம் நிரம்பும் வரை போர்வை இழுக்கும் வேலையை அண்ணனே செய்யட்டும், அவள் சவாரி போகட்டும்.